ஆயிரம் லிட்டர் ப்ளைவுட் மீன்தொட்டி: பலகை வெட்டுவது முதல் மீன் விடுவது வரை

ப்ளைவுட் தொட்டியில் மூன்று பொருள்களுக்கு மூன்று வேலை. பலகை பாரத்தைத் தாங்குகிறது. அதன்மேல் பூசும் எபாக்ஸி தோல்போல மூடி நீரைத் தடுக்கிறது. சிலிக்கோன், கண்ணாடிக்கும் அந்தத் தோலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மட்டும் அடைக்கிறது. புதியவர்களின் தொட்டி கசிகிறது என்று போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் ஏற்றியிருந்தார்கள். எபாக்ஸி சரியாக ஏறாத மூலையைச் சிலிக்கோனால் மூடியிருப்பார்கள். அல்லது தளர்ந்த மூட்டை எபாக்ஸி பிடித்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள். இந்த வேலைப் பங்கீடு மனத்தில் பதிந்துவிட்டால், கீழே வரும் வரிசையை ஏன் மாற்றக் கூடாது என்பது தானே விளங்கும்.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளும் தொட்டியின் வெளி அளவு: நீளம் 240 செ.மீ., அகலம் 75 செ.மீ., உயரம் 70 செ.மீ. பலகையின் தடிமன் 18 மி.மீ. நீரின் ஆழம் 60 செ.மீ. முன்பக்கம் மட்டும் கண்ணாடி.

1. முதலில் ஆழத்தை முடிவு செய்யுங்கள்

தொட்டி எவ்வளவு நீளம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கேட்க வேண்டியது ஆழம். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. நீளத்தையோ அகலத்தையோ பொறுத்ததல்ல. ஒரு சுவரின் மேல் விழும் மொத்த விசையோ ஆழத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் விசை நான்கு மடங்கு.

நம் தொட்டியில் 60 செ.மீ. நீர் நின்றால், முன் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும் விசை ஏறத்தாழ 425 கிலோ எடைக்குச் சமம். இதே நீளமுள்ள, இன்னும் உயரமான தொட்டியில் 80 செ.மீ. நீர் நிறுத்தினால் அது 750 கிலோவைத் தாண்டிவிடும். இருபது சென்டிமீட்டர் ஆசை, கண்ணாடியின் தடிமன், சட்டம், மூட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. முதல் தொட்டி கட்டுபவர் 60 செ.மீ. தாண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இடம் இருந்தால் அகலத்தைக் கூட்டுங்கள். மீனுக்கும் திரும்பி நீந்த அகலம்தான் பயன்படும்.

2. தரையும் ஸ்டாண்டும்

பலகை வாங்குவதற்கு முன் முடிய வேண்டிய வேலை இது. இந்தத் தொட்டியில் ஏறத்தாழ 1,000 லிட்டர் நீர் பிடிக்கும். அதாவது ஒரு டன். மணல், கல், பலகை, கண்ணாடி எல்லாம் சேர்த்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடை 1.8 சதுர மீட்டரில் இறங்குகிறது. சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். வீட்டு மாடித் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே மண்ணின் மேல் நேரடியாக அமர்ந்த கான்கிரீட் தரைதான் இதற்கு ஏற்றது. மாடியில் வைத்தே ஆக வேண்டுமென்றால், கட்டுமானப் பொறியாளர் ஒருவர் இடத்தைப் பார்த்துச் சொல்லும் வரை வேலையைத் தொடங்க வேண்டாம்.

ஸ்டாண்டின் மேற்பரப்பு தொட்டியின் அடிப்பலகையை முழுவதுமாகத் தாங்க வேண்டும். நான்கு விளிம்பை மட்டும் தாங்கும் இரும்புச் சட்டம் போதாது. நடுவில் அடிப்பலகை தொய்ந்தால் முதலில் விரிசல் விடுவது மூலையில் உள்ள எபாக்ஸி. ரசமட்டத்தை நீளம், அகலம், மூலைவிட்டம் என மூன்று திசையிலும் வைத்துப் பாருங்கள். ஒரு கால் 2 மி.மீ. உயர்ந்திருந்தால்கூட தொட்டி முறுக்கிக்கொண்டு உட்காரும். அந்த முறுக்கைக் கண்ணாடி தாங்காது.

வாசல்கதவையும் அளந்துவிடுங்கள். 75 செ.மீ. அகலம் நுழையாத கதவு பல வீடுகளில் உண்டு. எந்த அறையில் கட்டுகிறீர்களோ, அந்த அறையிலிருந்து தொட்டி வெளியே வர வேண்டும்.

3. கையில் இருக்க வேண்டியவை

பலகை: மரைன் தர ப்ளைவுட், 18 மி.மீ., 8க்கு 4 அடி ஷீட் ஐந்து. அடி, முன், பின், மேல் வளையம் (தொட்டியின் வாயைச் சுற்றி மேலே வரும், நடுவில் திறந்த பலகை) ஆகியவற்றுக்குத் தலா ஒன்று. இரண்டு பக்கச் சுவர்களுக்கு ஐந்தாவது. துண்டுகளை ஒட்டுப்போட்டு ஷீட்டை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். மரைன் தரம் கேட்பது நீர் படும் என்பதற்காக மட்டுமல்ல. சாதாரணப் பலகையின் உள் அடுக்குகளில் இடைவெளிகள் இருக்கும். திருகாணி அந்த வெற்றிடத்தில் இறங்கினால் பிடிப்பே இருக்காது. வெட்டிய விளிம்பை உற்றுப் பாருங்கள். கறுத்த பொந்துகள் தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம்.

எபாக்ஸி: ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் என்று இரண்டு பகுதியாக வருவது. உலர்ந்த பின் மீன்களுக்குத் தீங்கில்லாதது என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும். விலை குறைவு என்று பாலியஸ்டர் ரெசின் பக்கம் போகாதீர்கள். அது மரத்தில் எபாக்ஸி அளவுக்கு ஒட்டாது, நாளடைவில் உரிந்து வரும்.

ஃபைபர்கிளாஸ்: எபாக்ஸியில் ஊறவைத்துப் பதிக்கும் கண்ணாடியிழை. நெய்த துணியாகக் கேளுங்கள். வெட்டிய இழைகளை ஒட்டிச் செய்த பாய்போன்ற வகையும் கடையில் இருக்கும். அதில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகச் சேர்த்தது. எபாக்ஸியில் அது கரையாது, பாய் விறைப்பாக நின்று மூலையில் படியாது.

சிலிக்கோன்: முழுச் சிலிக்கோன், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காதது. குளியலறைக்கென்று விற்பதில் பெரும்பாலும் அந்த மருந்து இருக்கும், மீனுக்கு ஆகாது. 300 மி.லி. குழாய் ஐந்து.

கண்ணாடி: 12 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, 210க்கு 60 செ.மீ., விளிம்பு தேய்த்தது. எடை 38 கிலோ வரும். இதை இப்போதே வாங்க வேண்டாம். சட்டம் உருவான பின் அளந்து வெட்டச் சொல்லுங்கள்.

இவை தவிர எஃகுத் திருகாணிகள் (துருப்பிடிக்காதவை), டிஜிட்டல் தராசு, நுரை ரோலர்கள், நைட்ரைல் கையுறை, கரிம ஆவியைத் தடுக்கும் முகக்கவசம். கையுறையை விட்டுவிடாதீர்கள். எபாக்ஸி தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிது பட்டாலும் தடிக்கும். கையில் பட்டதைத் தின்னர் ஊற்றித் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கரைப்பான் அதைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டு போகும். சோப்பும் நீரும் போதும்.

4. வெட்டுதல்

ஷீட்டுகளை வேலை நடக்கும் அறையிலேயே இரண்டு வாரம் காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். பலகையின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும்.

அடிப்பலகையும் மேல் வளையமும் 240க்கு 75. முன், பின் சுவர்கள் 236.4க்கு 66.4. பக்கச் சுவர்கள் 75க்கு 66.4. இந்த விசித்திரமான அளவுகளுக்குக் காரணம் உண்டு. சுவர்கள் அடிப்பலகையின் மேல் நிற்க வேண்டும். அதைச் சுற்றி நிற்கக் கூடாது. மேல் நின்றால், நீர் சுவரை வெளியே தள்ளும்போது கீழிருந்து ஏறிய திருகாணி அந்த விசையைக் குறுக்காக வாங்கும். சுற்றி நின்றால் அதே விசை திருகாணியை நேராக வெளியே பிடுங்கும். குறுக்கு விசையைத் தாங்குவதில் திருகாணி வலியது. பிடுங்கலுக்கு, அதிலும் ப்ளைவுட் விளிம்பில் இறங்கியது, எளிதில் இளகும். நீளச் சுவர்களின் முனையைப் பக்கச் சுவர்கள் மூடி நிற்பதும் இதே கணக்குதான். பக்கச் சுவரைத் தள்ளும் விசை 130 கிலோ அளவுதான்; முன் சுவருக்கு 425. அதிக விசை வரும் சுவருக்குக் குறுக்குப் பிடிப்பைக் கொடுக்கிறோம்.

முன் சுவரில் 200க்கு 50 செ.மீ. சாளரத்தை நடுவில் குடைந்தெடுங்கள். நான்கு பட்டைகளைச் சேர்த்துச் சட்டம் கட்ட வேண்டாம். ஒரே பலகையில் குடைந்ததில் மூட்டு இல்லை. சாளரத்தின் நான்கு மூலையையும் கூர்மையாக வெட்டாமல் 3 செ.மீ. வளைவாக விடுங்கள். கூர்மூலையில்தான் பலகை கிழியத் தொடங்கும்.

மேல் வளையத்தில் சுற்றிலும் 10 செ.மீ. விட்டு, 220க்கு 55 செ.மீ. திறப்பு. இங்கே ஒரு நண்பர் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். வளையத்தோடு குறுக்குச் சட்டங்களையும் (முன், பின் சுவர்களை மேலே இணைக்கும் பட்டைகள்) ஒரே பலகையில் விட்டு அழகாகக் குடைந்திருந்தார். பூச்செல்லாம் முடிந்த பிறகுதான், கண்ணாடி உள்ளே நுழையாது என்று தெரிந்தது. கண்ணாடி உட்புறமிருந்து ஒட்டப்படுவது. ஆகவே திறப்பு கண்ணாடியைவிட நீளமாக இருக்க வேண்டும். குறுக்குச் சட்டம் கடைசியில்தான் ஏறும்.

குடைந்தெடுத்த துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். சாளரத் துண்டு ஒத்திகைப் பலகை. மேல் திறப்பின் துண்டிலிருந்து குறுக்குச் சட்டங்கள் வரும்.

5. குழாய்த் துளைகள்

வடிகட்டிக்குப் போகும் குழாய்களுக்கான துளைகளை இப்போதே போட வேண்டும். பூச்சு முடிந்த பின் துளையிட்டால் பூச்சில்லாத மரம் நீருக்குத் திறந்துவிடும்.

என் முதல் தொட்டியில் துளையைச் சரியான அளவில் போட்டு, உள்ளே தூரிகையால் எபாக்ஸி தடவி, டேங்க் கனெக்டரை (தொட்டிச் சுவரின் வழியே குழாயை இணைக்கும் உறுப்பு) மாட்டினேன். முறுக்கும்போது அதன் மரை அந்த மெல்லிய பூச்சைச் சுரண்டியிருக்கிறது. மூன்று வாரம் கழித்து வேறொரு மூலையில் பெயின்ட் உப்பியது. நீர் துளையில் நுழைந்து பலகையின் அடுக்குகளுக்கு நடுவே 40 செ.மீ. பயணம் செய்து அங்கே வெளிப்பட்டிருந்தது. பின் சுவர் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அதன்பின் இப்படிச் செய்கிறேன்: தேவையான அளவைவிட 2 செ.மீ. பெரிய துளையாகப் போட்டு, பின்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் முழுவதும் நிரப்பி விடுவேன். ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாக. ஒரேயடியாக ஊற்றினால் கொதித்துப் புகையும். இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவுத் துளை. இப்போது கனெக்டரைச் சுற்றி ஒரு செ.மீ. கெட்டி எபாக்ஸி நிற்கிறது. மரை சுரண்டினாலும் மரம் வெளித் தெரியாது.

6. கூட்டுதல்

முதலில் பசையில்லாமல் கூட்டிப் பாருங்கள். திருகாணித் துளைகளை எல்லாம் 10 செ.மீ. இடைவெளியில் இட்டு, மூலைமட்டம் பிடித்து, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று அளந்து, பிறகு பிரியுங்கள். முன்துளையிடாமல் ப்ளைவுட் விளிம்பில் திருகாணி ஏற்றினால் அடுக்குகள் பிளந்து வாய் திறக்கும்.

பசையாகக் கெட்டியாக்கிய எபாக்ஸியையே பயன்படுத்துங்கள். ஆனால் வெட்டு விளிம்பு பஞ்சுபோல உறிஞ்சும். கெட்டிப் பசையில் உள்ள ரெசினை மரம் குடித்துவிட்டால் மூட்டில் மிஞ்சுவது வெறும் தூள். அதனால் முதலில் கலப்பில்லாத எபாக்ஸியை இரு பக்கமும் தடவி, பத்து நிமிடம் குடிக்க விட்டு, பிறகு கெட்டிப் பசை. திருகாணியை முறுக்கும்போது மூட்டு நெடுகச் சிறிது பசை பிதுங்க வேண்டும். பிதுங்காத இடம் காலியான இடம்.

வரிசை: அடிப்பலகை மேல் பின் சுவர், பக்கங்கள், முன் சுவர், கடைசியில் மேல் வளையம். எல்லாம் ஒரே நாளில் நடந்தால்தான் பசை இளகலாக இருக்கும்போதே மூலைகளைச் சரி செய்யலாம். இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும்.

7. உள்மூலைகளை வளைவாக்குதல்

ஃபைபர்கிளாஸ் துணி கூர்மையான மூலையில் படியாது. அங்கே தூக்கிக்கொண்டு நிற்கும், அடியில் காற்று. தொட்டி கசிவதென்றால் இங்குதான் கசியும். கெட்டியாக்கிய எபாக்ஸியை எல்லா உள்மூலைகளிலும் தடவி, வட்டமுனைக் குச்சியால் இழுத்து 1.5 செ.மீ. வளைவாக்குங்கள். கலவை வேர்க்கடலை வெண்ணெய்ப் பதத்தில் இருந்தால் வழியாது. திருகாணித் தலைகளின் குழிகளையும் இதே கலவையால் நிரப்பிவிடுங்கள்.

8. எபாக்ஸிப் பூச்சு

அவசரப்படுபவர்கள் தோற்பது இங்கே. மூன்று நான்கு நாள் வேலை இது.

முதலில் ஒத்திகை. சாளரத் துண்டில் சிறிது கலந்து பூசிப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். அந்தத் துண்டிலேயே, பூச்சு இறுகிய பின், சிலிக்கோன் வைத்து ஒரு கண்ணாடித் துண்டையும் ஒட்டி வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பிடுங்கிப் பாருங்கள். சிலிக்கோனே கிழிந்தால் நல்லது. எபாக்ஸியிலிருந்து சுத்தமாக உரிந்து வந்தால், தேய்ப்பு போதவில்லை அல்லது இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாற்பது கிலோ கண்ணாடியில் தெரிந்துகொள்வதைவிட இங்கே தெரிந்துகொள்ளலாம்.

கலக்கும் விகிதம் எடையிலா கொள்ளளவிலா என்று பார்த்துவிட்டுத் தராசில் வையுங்கள். இரண்டுக்கும் எண் வேறு. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் நடப்பது நேர்மாறு. மிஞ்சிய ஹார்ட்னர் சேர ஆளில்லாமல் கலவையிலேயே தங்கி, பிசுபிசுப்பு போகவே போகாது. மூன்று நிமிடம் கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். குறுகிய கிண்ணத்தில் குவிந்து நின்றால் தன் சூட்டிலேயே பத்துப் பதினைந்து நிமிடத்தில் கல்லாகிவிடும். தட்டில் பரவினால் சூடு வெளியேறி நேரம் நீளும்.

பூசத் தொடங்க வேண்டியது மாலைப்பொழுதில். காலையில் பூசினால், வெயில் ஏற ஏறப் பலகைக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சைத் துளைத்து வெளியே வரும். ஊசிமுனை அளவுக் குமிழிகள் நூற்றுக்கணக்கில் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கசிவு. வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசினால் உள்காற்று சுருங்கி எபாக்ஸியை மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும்.

முதல் பூச்சு நிறமில்லாமல் மெல்லியதாக, மரம் குடிக்க. தின்னர் சேர்க்க வேண்டாம். இறங்குவது கூடும், ஆனால் இறுகிய பூச்சில் நுண்துளைகள் விடும். அது விரலில் ஒட்டியும் ஒட்டாத பதத்துக்கு வரும்போது துணி. மூலைகளுக்கு 15 செ.மீ. பட்டைகள், பிறகு சுவர், அடி முழுவதும் ஓர் அடுக்கு. ஓரங்கள் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ரெசின் ஊறிய துணி கண்ணாடிபோலத் தெளிந்து மறையும். வெளுத்துத் தெரியும் இடத்தில் ரெசின் போதவில்லை அல்லது காற்று இருக்கிறது. தூரிகை முனையால் குத்தி வெளியேற்றுங்கள். டார்ச் விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் குமிழிகள் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

அடுத்த மூன்று பூச்சுகளுக்கு நிறம் கலக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு சாயல். கருநீலத்தின் மேல் சாம்பல் பூசும்போது விட்டுப்போன இடம் நீலமாக நின்று கூப்பிடும். ஒரே நிறத்தில் மூன்று முறை பூசினால் எது விட்டுப்போனது என்று எவராலும் சொல்ல முடியாது.

முந்தைய பூச்சு பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்தது ஏறினால் இரண்டும் ஒரே உடலாகச் சேரும். இரவு கடந்து முழுக்க இறுகிவிட்டால், மேலே மெழுகு போன்ற வழுக்கல் படலம் படிந்திருக்கும். அதை முதலில் வெறும் நீரும் நாரும் கொண்டு கழுவுங்கள். அது நீரில் கரையும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் மெழுகைப் பூச்சுக்குள் தேய்த்துவிடுவீர்கள். கழுவி, உலர்த்தி, 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து, பிறகு பூசுங்கள்.

சாளரத்தின் வெட்டு விளிம்பு, மேல் வளையத்தின் அடிப்புறம், திறப்பின் ஓரம் ஆகியவற்றுக்கும் உள்ளே கொடுத்த அத்தனை பூச்சும் வேண்டும். நீர்மட்டத்துக்கு மேல்தானே என்று விடுவார்கள். மீன் துள்ளும் நீரும் இரவெல்லாம் படியும் ஆவியும் முதலில் அழுக வைப்பது அந்த ஓரத்தைத்தான். வெளிப்புறத்துக்கு இரண்டு பூச்சும் பெயின்டும் போதும்.

முடிந்ததும் ஒரு வாரம் தொடாமல் விடுங்கள்.

9. கண்ணாடி

தொட்டியின் அருகில், எபாக்ஸி முழுக்க முடிந்த பிறகே சிலிக்கோன் குழாயின் மூடியைத் திறக்கலாம். சிலிக்கோனின் மேல் எபாக்ஸியோ பெயின்டோ எதுவும் ஒட்டாது. கையில் பட்டு வேறிடத்தில் இழுபட்ட மெல்லிய தடம்கூட அந்த இடத்தைக் கெடுக்கும்.

தொட்டியை முன்பக்கம் கீழே வருமாறு படுக்க வையுங்கள். இப்போது கண்ணாடி தன் எடையாலேயே சட்டத்தில் படியும். சாளரத்தைச் சுற்றி 5 செ.மீ. அகலத்துக்கு உப்புத்தாள் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கண்ணாடியையும் அப்படியே. துடைத்த இடத்தில் விரல் படக் கூடாது.

கண்ணாடி ஏன் உட்புறம்? நீர் அதைச் சட்டத்தோடு அழுத்திக்கொண்டே இருக்கும்; சிலிக்கோன் நசுங்கி நிற்கிறதே தவிர இழுபடுவதில்லை. வெளிப்புறம் ஒட்டினால் இருநூற்றைம்பது கிலோவைத் தாண்டும் விசையைச் சிலிக்கோன் ஒன்றே பிடித்து நிற்க வேண்டும்.

சட்டத்தின் மேல் 30 செ.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. தடிமனுள்ள சிறு சிலிக்கோன் துண்டுகளை, முன்பே வார்த்து இறுகியவற்றை, வையுங்கள். இவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வீட்டில் அருகிருந்து பார்த்தேன். கண்ணாடியை இறக்கியதும், தொட்டி கட்டியவர் நன்றாக ஒட்டட்டும் என்று முழங்காலை ஊன்றி ஓரம் முழுவதும் அழுத்தினார். தொட்டியை நிமிர்த்தி வெளியிலிருந்து பார்த்தால், கறுப்புச் சிலிக்கோனுக்கு நடுவே பலகையின் நிறமே தெரிந்தது. அந்த இடங்களில் கண்ணாடிக்கும் எபாக்ஸிக்கும் நடுவில் ஒன்றுமே மிச்சமில்லை. கண்ணாடியும் பலகையும் நேருக்கு நேர் உராய்ந்தால், பலகையின் சிறு மேடு ஒன்று போதும் கண்ணாடி விரிசல் விட.

சிலிக்கோன் பத்து நிமிடத்தில் தோல் கட்டத் தொடங்கும். இரண்டு பேர் இரண்டு துப்பாக்கியுடன் எதிர் மூலைகளிலிருந்து தொடங்குங்கள். குழாய்களின் முனையை முன்பே வெட்டி வரிசையாக வைத்திருங்கள். அகலம் முழுவதும் மூன்று தடித்த கோடுகள், சந்தில்லாமல். கண்ணாடியை உறிஞ்சுப் பிடிகளால் தூக்கி, மேல் திறப்பின் வழியே நுழைத்து, ஒரு நீள விளிம்பை முதலில் இறக்கி, மெல்லச் சாய்த்துப் படுக்க வையுங்கள். அப்படிச் சாய்க்கும்போது காற்று ஒரு பக்கமாக வெளியேறும். அழுத்த வேண்டாம், அதன் எடையே போதும். பிறகு உள் விளிம்பு முழுவதும் ஒரு கோடு போட்டு விரலால் இழுத்துவிடுங்கள். தோல் கட்டிய பின் மறுபடி தொடாதீர்கள்.

சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தால், வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுவது. தொடக்கத்தில் நாளுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை, உள்ளே போகப் போக இன்னும் மெதுவாக. 5 செ.மீ. அகலமுள்ள படுகைக்கு, குழாயில் எழுதியிருக்கும் 24 மணி நேரம் பொருந்தாது. இரண்டு வாரம் படுக்கையிலேயே விடுங்கள். மூன்று என்றால் இன்னும் நல்லது. காடி வாசனை வீசிக்கொண்டிருக்கும் வரை உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

10. குறுக்குச் சட்டங்கள்

தொட்டியை நிமிர்த்திய பின், 75க்கு 12 செ.மீ. பட்டைகள் இரண்டை நீளத்தை மூன்றாகப் பிரிக்கும் இடங்களில் மேல் வளையத்தின் மேல் குறுக்காக வைத்து, பசையும் போல்ட்டும் போட்டு முடுக்குங்கள். முன் சுவரைத் தள்ளும் விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மேல் விளிம்புக்கு வரும். 10 செ.மீ. வளையம் மட்டும் 240 செ.மீ. நீளத்துக்கு அதைத் தாங்கினால் நடுவில் வளையும். கண்ணாடியும் கூடவே வளையும். போல்ட் துளைகளின் உட்புறத்துக்கும் எபாக்ஸி தடவ மறக்க வேண்டாம்.

11. நீர்ச் சோதனை

வடிகால் உள்ள இடத்தில், ஸ்டாண்டின் மேலேயே வைத்துச் செய்யுங்கள். நீரை வெளியேற்றும் குழாயைத் தொட்டிக்குள் போட்டு வைத்த பின்பே நிரப்பத் தொடங்குங்கள்.

15, 30, 45, 60 செ.மீ. என நான்கு கட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். பாதி ஆழத்தில் விசை கால் பங்குதான். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வெளி மூட்டுகளின் அடியில் செய்தித்தாளைச் சுற்றிலும் விரியுங்கள். ஒரு துளி விழுந்தாலும் வட்டமாகக் காட்டும். முன் சுவரின் மேல் விளிம்போடு நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் எவ்வளவு வளைகிறது என்று அளந்து எழுதுங்கள். முழு நீரில் 2, 3 மி.மீ. வளைந்து அப்படியே நின்றால் பயமில்லை. அடுத்த நாளும் கூடிக்கொண்டே போனால் நீரை இறக்கி மேல் சட்டத்தை வலுப்படுத்த வேண்டும்.

பக்கத்தில் ஒரு வாளியிலும் நீர் வைத்து மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மட்டம் குறைகிறது என்று பதறும்போது வாளியைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவியானது.

முழு நீர் ஒரு வாரம் நிற்கட்டும்.

12. கசிந்தால்

நீர் சொட்டும் இடத்தில் வெளியிலிருந்து அடைக்காதீர்கள். அடைத்தால் அது பலகைக்குள்ளேயே தேங்கி, வேறு வழி தேடும். சொட்டும் இடம் வெளிவாசல் மட்டும். நுழைவாசல் உள்ளே எங்கோ இருக்கிறது. எந்த மட்டத்தில் சொட்டுவது நிற்கிறது என்று நீரைச் சிறிது சிறிதாக இறக்கிப் பாருங்கள். நின்ற அந்த மட்டக்கோட்டில்தான் ஓட்டை. உள்ளே அந்தக் கோடு முழுவதையும் டார்ச் விளக்கில் தேடுங்கள்.

எபாக்ஸியில் ஓட்டை என்றால், அந்தப் பலகை உலர வேண்டும். மின்விசிறி வைத்து இரண்டு மூன்று வாரம். ஈரத்தை உள்ளே பூட்டிப் பூசினால் அடுத்த பருவத்தில் உப்பிக்கொண்டு வரும். கண்ணாடி ஓரம் என்றால், உள் விளிம்புக் கோட்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். பழைய சிலிக்கோனின் மேல் புதியது சரியாக ஒட்டாது, ஆகவே பிளேடால் முழுவதும் சுரண்டி எடுத்த பிறகு.

13. மீன் விடும் முன்

சோதனை நீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை நிரப்பி இரண்டிரண்டு நாள் வைத்துக் கொட்டுங்கள். பூச்சிலிருந்து வெளிவருவது போகட்டும். பிறகு வடிகட்டியை ஓட விடுங்கள். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைக் கருவியில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியமாக நின்ற பின்பே மீன், அதுவும் சிலவாக.

பெரிய கல் வைப்பதானால் அடியில் பிளாஸ்டிக் தாளோ நுரைத் தாளோ விரித்து அதன்மேல் வையுங்கள், மணலுக்கு முன்பே. மணலைத் தோண்டும் மீன் கல்லைச் சாய்த்தால் அதன் கூர்முனை நேராக எபாக்ஸியில் இறங்கும். முதல் மாதம் வாரம் ஒருமுறை ஸ்டாண்டின் அடியில் படுத்து, அடிப்பலகையின் விளிம்பைக் காய்ந்த கையால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் விரலுக்குத் தெரியும்.